சோமாலியாவின் எண்ணெய்: தலைவர்களின் வெளிநாட்டு வேலையும் வெளிவராத ஒப்பந்தங்களும்

2017 பிப்ரவரியில் சோமாலியாவின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முகமது அப்துல்லாஹி முகமது, அமெரிக்காவின் பஃபலோ நகரில் நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறையில் அலுவலராக வேலை பார்த்தவர். ‘ஃபர்மாஜோ’ என்றால்தான் அவரைச் சோமாலியர்களுக்குத் தெரியும். அதே மாதத்தில் அவர் பிரதமர் பதவிக்கு அறிவித்த ஹசன் அலி கைரே, நார்வேயில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு நார்வே அகதிகள் மன்றத்தில் பணியாற்றினார். கடைசியாக, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சோமா ஆயில் அண்ட் கேஸ்’ நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவுக்குச் செயல் இயக்குநரானார். அந்த நிறுவனம் எண்ணெய் தேடியது சோமாலியக் கடலிலேயேதான். இருவரும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், வெளிநாட்டில் சம்பளம் வாங்கியவர்கள் என்பதால் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எளிது. ஆனால், பஃபலோ அலுவலகத்தில் பார்த்த வேலைக்கும் சோமாலியாவின் கடலடி வளத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சோமா நிறுவனத்தில் வகித்த பதவிக்கோ நேரடித் தொடர்பு உண்டு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் சோமாலியாவின் எண்ணெய் அரசியல் புரியும். ஒரு தலைவர் எந்த நாட்டில் வாழ்ந்தார் என்பதால் நாட்டுக்கு ஆபத்து வருவதில்லை. பதவிக்கு வரும்போது யாருடைய ஆதாயம் அவரோடு வருகிறது என்பதையும், அவரது அரசு எதில் கையெழுத்திடுகிறது என்பதையும் மக்கள் அறிய வழியில்லாமல் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

புலம்பெயர்ந்தவர்கள் ஏன் இத்தனை பேர் ஆட்சிக்கு வந்தார்கள் என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1991 ஜனவரியில் அதிபர் சியாட் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அதோடு அரசு என்ற அமைப்பே சிதறிப்போனது. போரில் மூடப்பட்ட சோமாலி தேசியப் பல்கலைக்கழகம் 2014இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு உயர்கல்வியும் அலுவலக அனுபவமும் பெரும்பாலும் எல்லைக்கு வெளியேதான் கிடைத்தன. 2011இல் பிரதமரான அப்திவெலி முகமது அலி காஸ், அமெரிக்காவின் நயாகரா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். பின்னர், சோமாலியாவின் தன்னாட்சிப் பகுதியான பன்ட்லாந்தின் அதிபரும் ஆனார். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த அப்திரஹ்மான் ஃபரோலே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து திரும்பியவர். 2013 இறுதியில் பிரதமரான அப்திவெலி ஷேக் அகமது, கனடாவில் குடியேறிய பொருளாதார அறிஞர். இன்னொரு நாட்டின் குடியுரிமை பெற்றாலும் ஒரு சோமாலியரின் சொந்தக் குடியுரிமை பறிபோகாது என்று 2012ஆம் ஆண்டின் தற்காலிக அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. புலம்பெயர்ந்தோர் ஆண்டுதோறும் அனுப்பும் 100 கோடி டாலருக்கு மேலான பணத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. இவர்களை அந்நியர் என்று ஒதுக்கினால், படித்தவர்களில் பெரும்பகுதியை அரசிலிருந்தே ஒதுக்கியதாகும்.

அப்படியானால் எண்ணெய் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் ஏன்? எண்ணெய் ஒப்பந்தங்களின் ஆயுள் அரசுகளின் ஆயுளைவிட நீளமானது என்பதே காரணம். சியாட் பாரே வீழ்வதற்கு முன்பே சோமாலிய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொனோகோ, அமோகோ, ஷெவ்ரான், பிலிப்ஸ் ஆகிய 4 அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆய்வு உரிமையாக ஒதுக்கப்பட்டிருந்தது என்று 1993இல் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 1992 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் மொகதிஷுவில் இறங்கியபோது, கொனோகோவின் வளாகமே அமெரிக்கத் தூதரகம் போலச் செயல்பட்டது. கடல் பகுதியில் உரிமை வைத்திருந்த ஷெல், எக்ஸான் போன்றவை ‘எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத சூழல்’ என்ற விதியைக் காட்டிப் பணியை நிறுத்தினவே தவிர, உரிமையை விடவில்லை. 2019இல் அவ்விரு நிறுவனங்களும் பழைய குத்தகைக்கான நிலுவையாக 17 லட்சம் டாலர் செலுத்தின. கையெழுத்துப் போட்ட ஆட்சி அழிந்து, நாடே துண்டுபட்டு, ஒரு தலைமுறை கடந்த பிறகும் அந்தக் காகிதம் உயிரோடு இருந்தது. தவறான சாலை ஒப்பந்தம் ஒன்று 10 ஆண்டுகளில் மறைந்துவிடும். தவறான எண்ணெய் ஒப்பந்தத்தைப் பேரப்பிள்ளைகள் சுமக்க நேரும்.

இந்தப் பின்னணியில் சோமா நிறுவனத்தின் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 2013இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்குத் தலைவராக வந்தவர் பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சரும் கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் தலைவருமான மைக்கேல் ஹோவர்ட். அரசியலிலிருந்து எண்ணெய்க்கும் எண்ணெயிலிருந்து அரசியலுக்கும் ஆள் மாறுவது ஆப்பிரிக்க வழக்கம் என்று எண்ணுவோருக்கு இதுவே பதில். தொடங்கிய சில மாதங்களிலேயே, 2013 ஆகஸ்டில், சோமாலிய அரசோடு நிறுவனம் ஓர் ஒப்பந்தம் செய்தது. கடலில் நில அதிர்வு ஆய்வை நிறுவனம் தன் செலவில் நடத்தும். தரவுகளை அரசிடம் ஒப்படைக்கும். கைமாறாக, 60,000 சதுர கிலோமீட்டர் வரையிலான பரப்பில் எண்ணெய்த் தொகுதிகளுக்கு விண்ணப்பிக்கும் உரிமை அதற்கு உண்டு. ஆய்வுக் கப்பல் ஒன்று நீண்ட கேபிளை இழுத்தபடி செல்லும். காற்றழுத்தத்தால் எழுப்பும் ஒலி கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்புவதைக் கேபிளில் உள்ள கருவிகள் பதியும். அந்த எதிரொலிக் கோடுகளிலிருந்து எண்ணெய் தேங்கியிருக்கக்கூடிய அடுக்குகளை வல்லுநர்கள் ஊகிப்பார்கள். 2014இல் இப்படிச் சுமார் 20,000 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரவு திரட்டப்பட்டது. செலவு செய்ய வழியில்லாத அரசுக்கு இது இலவசமாகத் தெரியலாம். ஆனால் எந்த இடத்தில் வளம் இருக்கலாம் என்பதை முதலில் அறிந்தவரே, எந்த இடம் தனக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் பெற்றிருந்தார்.

அதைவிடக் கூர்மையான கேள்வி அடுத்து எழுந்தது. எண்ணெய் அமைச்சகத்தின் திறனை வளர்ப்பதற்கு என்ற பெயரில், அங்கு பணியாற்றிய அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் போய்ச் சேரும் வகையில் நிறுவனம் பல லட்சம் டாலர் செலுத்தியதை ஐ.நா. கண்காணிப்புக் குழு 2015இல் சுட்டிக்காட்டியது. பிரிட்டனின் பெரும் மோசடிகளை விசாரிக்கும் அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. தவறு ஏதும் நடக்கவில்லை, அமைச்சகம் கேட்டுக்கொண்டதால் சட்டப்படியே பணம் கொடுத்தோம் என்றது நிறுவனம். 2016 டிசம்பரில், வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று விசாரணை முடித்துக்கொள்ளப்பட்டது. வழக்கே இல்லை என்றான பிறகு இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது; குற்றம் நிரூபிக்கப்படாதவரைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் குற்றவியல் சட்டம் கேட்பது லஞ்சம் நிரூபணமானதா என்பதை. குடிமக்கள் கேட்பது வேறு: அரசின் சார்பில் பேரம் பேச வேண்டிய மேசையில் இருப்பவர்களின் ஊதியத்துக்கு எதிர்த்தரப்பே பணம் கொடுப்பது முறையா? முதல் கேள்விக்கு ‘ஆதாரம் போதாது’ என்ற பதில் வந்துவிட்டது. இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த விசாரணை முடிந்து 3 மாதங்களுக்குள் கைரே பிரதமரானார். நிறுவனத்திலிருந்து அவர் விலகிவிட்டதாகவும், தன் பங்குகளைக் கைவிட்டதாகவும் அறிவிக்கப்பட்டது. சரியான நடவடிக்கைதான். ஆனால் அந்த அறிவிப்பை ஏற்பதா, சோதிப்பதா என்பதை முடிவு செய்ய ஒரு பொது ஏற்பாடு வேண்டும். பங்குகள் எந்த நிபந்தனையில், யாருக்குப் போயின? பழைய நிறுவனத்தைப் பற்றிய கோப்பு அமைச்சரவைக்கு வந்தால் பிரதமர் அந்தக் கூட்டத்தில் உட்காரலாமா? பதவியை விட்டு இறங்கிய பின் எத்தனை ஆண்டுகள் கழித்து அதே துறையில் வேலைக்குப் போகலாம்? இவற்றுக்கு எழுத்தில் விதி இருந்தால் கைரேவுக்கே அது கவசமாக இருந்திருக்கும். விதி இல்லாத இடத்தில் நேர்மையானவரும் சந்தேகத்தைச் சுமக்கிறார். நேர்மையற்றவர் அதே சந்தேக மூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்.

புலம்பெயர்ந்தவர்களை உயர்பதவியிலிருந்து விலக்கிவிட்டால் போதும் என்ற வாதம் சோமாலியாவில் வலுவானது. அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. குடும்பம் வெளிநாட்டில், கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றிருப்பவர், தன் முடிவின் விளைவு வரும்போது விமானம் ஏறிவிட முடியும். ஆனால் அனுபவம் அந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. அதிபர் ஹசன் ஷேக் முகமது, 1980களில் இந்தியாவில் போபாலில் முதுகலை படித்துவிட்டுத் தாயகம் திரும்பியவர்; உள்நாட்டுப் போர்க் காலத்திலும் நாட்டிலேயே இருந்து, மொகதிஷுவில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தை உருவாக்கியவர். சோமா ஒப்பந்தம் கையெழுத்தானது அவருடைய முதல் ஆட்சியில்தான். மறுபுறம், அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய ஃபர்மாஜோவின் ஆட்சியில்தான் 2020 பிப்ரவரியில் பெட்ரோலியச் சட்டம் நிறைவுபெற்றது. அதன் வழியே எண்ணெய்த் துறைக்கெனத் தனி ஆணையமும் வந்தது. உள்ளூர்க்காரர் செய்தால் வெளிப்படையாக இருக்கும், வெளியூர்க்காரர் செய்தால் மறைவாக இருக்கும் என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை.

புதிய சட்டமும் தனியாக நின்று காப்பாற்றவில்லை. 2022 பிப்ரவரியில், தேர்தல் நடந்துகொண்டிருந்த வேளையில், அன்றைய பெட்ரோலிய அமைச்சர் ‘கோஸ்ட்லைன் எக்ஸ்ப்ளோரேஷன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தோடு 7 தொகுதிகளுக்கு உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் செய்தார். செய்தி வெளிவந்த உடனேயே அதிபரும் பிரதமரும் அது செல்லாது என்றனர். தேர்தல் காலத்தில் வெளிநாடுகளோடும் நிறுவனங்களோடும் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்ற அதிபர் ஆணை ஏற்கெனவே நடப்பில் இருந்தது. ஆட்சி மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் அதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் உறுதிசெய்யப்பட்டது. பிப்ரவரிக் காகிதத்துக்கும் அக்டோபர்க் காகிதத்துக்கும் நடுவே எந்த நிபந்தனை மாறியது, நாட்டுக்கு என்ன கூடியது என்பதை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு சாதாரண சோமாலியருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

துருக்கி ஒப்பந்தம் இந்த வாதத்தை இன்னும் தெளிவாக்குகிறது. 2024 மார்ச்சில் இரு அரசுகளும் எண்ணெய், எரிவாயு ஒத்துழைப்புக்குக் கையெழுத்திட்டன. அக்டோபரில் ‘ஓருச் ரெய்ஸ்’ என்ற துருக்கிய ஆய்வுக் கப்பல் மொகதிஷு வந்து சேர்ந்தது. ஒப்பந்தத்தின் முழு வாசகம் பரவலாக வெளியே தெரிந்தது 2025 ஏப்ரலில், துருக்கியின் நாடாளுமன்றத்துக்கு அது போன பிறகு. ஓராண்டில் கிடைக்கும் உற்பத்தியில் 90% வரை துருக்கித் தரப்பு தன் செலவை ஈடுகட்ட எடுத்துக்கொள்ளலாம். சோமாலியாவுக்கான உரிமத்தொகை 5% வரைதான். கையெழுத்துக்கான முன்பணம் இல்லை. செலவு திரும்பிய பின் அந்த 90% குறையும், லாபப் பங்கு பிறகு வரும் என்பது அரசுத் தரப்பின் பதில். அது கணக்குப்படி சரிதான். ஆனால் எதைச் செலவு என்று எழுதலாம், அந்தக் கணக்கை யார் தணிக்கை செய்வது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஆழ்கடல் கிணற்றின் செலவு கோடிக்கணக்கான டாலர். அது சற்று ஊதிப்போனால் லாபப் பங்கு பல ஆண்டுகள் தள்ளிப்போகும். இது இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தம். இங்கே எந்தத் தலைவரின் பழைய வேலையையும் காட்டிக் குறைசொல்ல இடமில்லை. ஆனாலும் தங்கள் கடலைப் பற்றிய நிபந்தனைகளைச் சோமாலியர்கள் அங்காராவின் வழியாக அறிய நேர்ந்தது.

பலவீனமான ஒரு நாடு எல்லாவற்றையும் திறந்து வைத்தால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்று அடுத்த எதிர்வாதம் வரும். அல் ஷபாப் தீவிரவாத அமைப்பின் தாக்குதல் தொடரும் நாட்டில் கிணறு தோண்ட வருபவர் கூடுதல் லாபம் கேட்பது இயல்பு. அதைக் கொடுப்பது தவறும் அல்ல. கொடுத்ததைச் சொல்லாமல் இருப்பதே தவறு. கானா தன் எண்ணெய் ஒப்பந்தங்களை இணையத்தில் பொதுப் பதிவேடாக வைத்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் அங்கே தொடர்ந்து தொழில் செய்கின்றன. கனிமத் தொழில் வெளிப்படைத்தன்மைக்கான உலகளாவிய நெறிமுறை, 2021 ஜனவரி 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களை வெளியிடுமாறு தன் உறுப்பு நாடுகளிடம் கேட்கிறது. உண்மையில் மறைவான ஒப்பந்தமே முதலீட்டாளருக்கு ஆபத்து. அதே ஆட்சியில் இருப்பவருக்கோ அடுத்து வருபவருக்கோ அதைக் கிழித்துப் போட ஒரு சாக்கு கிடைத்துவிடும். 2022 பிப்ரவரியில் நடந்ததே அதற்குச் சாட்சி.

சோமாலியாவுக்குள் இருக்கும் பிளவுகள் இந்த அவசரத்தைக் கூட்டுகின்றன. பன்ட்லாந்து 2005இலேயே ஆஸ்திரேலிய நிறுவனமொன்றோடு தனியாக ஒப்பந்தம் செய்தது. 2012இல் தோண்டிய கிணறுகளில் லாபகரமான எண்ணெய் கிடைக்கவில்லை. தனி நாடு என்று தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து ஜெனல் எனர்ஜி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. மொகதிஷு அதை ஏற்கவில்லை. ஒரு துளி எண்ணெய்கூட விற்பனைக்கு வராத நிலையிலேயே இத்தனை இழுபறி. எண்ணெய் வந்த பின் விதி எழுதலாம் என்று காத்திருந்தால், அப்போது எழுதும் கை ஏற்கெனவே யாரோ ஒருவரின் பிடியில் இருக்கும். ஆகவே சோமாலிய நாடாளுமன்றம் இப்போதே 4 வேலைகளைச் செய்ய வேண்டும்: அமைச்சர்களும் எண்ணெய் அதிகாரிகளும் தங்கள் முந்தைய வேலைகளையும் பங்குகளையும் பொதுவில் பதிவுசெய்ய வேண்டும், பழைய நிறுவனம் தொடர்பான முடிவுகளிலிருந்து அவர்கள் விலகியிருக்க வேண்டும், அமைச்சகத்தில் இருப்பவர்களுக்கு எந்த எண்ணெய் நிறுவனமும் ஊதியம் தரக் கூடாது, ஒவ்வொரு ஒப்பந்தமும் சோமாலி மொழியில் முழுமையாக வெளியாகாதவரை நடைமுறைக்கு வரக் கூடாது. இந்த விதிகள் பஃபலோவிலிருந்து வந்தவரையும், நார்வேயிலிருந்து வந்தவரையும், மொகதிஷுவை விட்டு நகராதவரையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்தும். புலம்பெயர்ந்த அறிவையும் நாட்டின் வளத்தையும் ஒருசேரக் காக்க இதைவிட நேரான வழி இல்லை.