ஸ்போர்ட்ஸ் காருக்கு வேற ஏர் இன்டேக் மாத்தலாமா? பவர் கூடுமா, சவுண்டு மட்டும்தானா?

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 2016-ல் இந்தியாவுக்கு அதிகாரப்பூர்வமாக வந்தபோது, பானெட்டுக்குள் 5 லிட்டர் வி8 இன்ஜின், 401 பிஎஸ் பவர், 515 நியூட்டன் மீட்டர் டார்க். அதே தலைமுறை மஸ்டாங் ஜிடிக்கு அமெரிக்காவில் ஃபோர்டு சொன்ன கணக்கு 435 குதிரைத்திறன். இந்த வித்தியாசம் போதாதா? செகண்ட் ஹேண்டில் இந்தக் காரை வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே, "விட்ட பவரை எப்படி எடுக்கிறது?" என்பதுதான்.

அதற்கு கேரேஜ்களில் கிடைக்கும் முதல் பதில்: "ஏர் இன்டேக் மாத்திடலாம் தம்பி. நாலு கிளாம்ப், ஒரு ஹோஸ், ஒரு மணி நேர வேலை."

வேலை ஒரு மணி நேரம்தான், உண்மை. ஆனால், தப்பான கிட்டை மாட்டினால் பவர் குறையலாம். இன்னும் மோசமாகப் போனால் இன்ஜினே போகலாம். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்ட நிலையில், ஒரு வி8 இன்ஜினுக்கான பாகங்களைத் தேடி அலைவது சின்ன விஷயம் இல்லை. எனவே, பர்ஸைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

ஏர் இன்டேக் என்ன வேலை செய்கிறது?

இன்ஜின் என்பது ஒரு பெரிய காற்று பம்பு. பெட்ரோல் எரிய காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ, அவ்வளவுக்குத்தான் பெட்ரோலையும் எரிக்க முடியும்.

ஒரு சின்ன கணக்கு. 4 ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 5 லிட்டர் இன்ஜின் என்றால் ஒரு சுற்றுக்கு 2.5 லிட்டர். 6,500 ஆர்பிஎம்மில் நிமிஷத்துக்கு சுமார் 16,250 லிட்டர். அதாவது, நொடிக்கு ஏறக்குறைய 270 லிட்டர் காற்று!

இத்தனை காற்றும் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் துவாரம், ஏர் பாக்ஸ், பேப்பர் ஃபில்டர், ரப்பர் ஹோஸ், த்ராட்டில் பாடி என்ற வரிசையில் போக வேண்டும். வழியில் வளைவும் தடையும் இருந்தால் காற்றழுத்தம் கொஞ்சம் குறையும். அந்தத் தடையைக் குறைப்பதுதான் ஆஃப்டர்மார்க்கெட் இன்டேக்கின் வேலை. பெரிய ஃபில்டர், அகலமான குழாய், குறைந்த வளைவு. ஐடியா அவ்வளவுதான்.

அப்போ பவர் கூடத்தானே செய்யும்?

இங்கேதான் பலரும் ஒரு பக்கக் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். உதாரணத்துக்கு, கம்பெனி ஏர் பாக்ஸ் முழு த்ராட்டிலில் 2 கிலோபாஸ்கலை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புது கிட் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டால், மிச்சம் 1 கிலோபாஸ்கல். அதாவது சுமார் 1 சதவிகிதம். 401 பிஎஸ் காரில் இது 4 பிஎஸ்.

இன்னொரு பக்கம், வெப்பம். காற்று சூடானால் விரியும், அடர்த்தி குறையும். தோராயமாக 3 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அடர்த்தி 1 சதவிகிதம் போய்விடும். புது ஃபில்டர் பானெட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டைக் குடித்து, முன்பைவிட 6 டிகிரி அதிக சூடான காற்றை அனுப்பினால்? ஒரு கையில் 1 சதவிகிதம் வாங்கி, இன்னொரு கையில் 2 சதவிகிதம் கொடுத்தாச்சு. சவுண்டு மட்டும் அதிரும். கார் முன்பைவிட மெதுவாகப் போகும். ஓட்டுகிறவருக்கோ வேகம் கூடியதாகவே தோணும். காது செய்கிற வேலை அது!

சென்னை மே மாத வெயிலில், கத்திபாரா டிராஃபிக்கில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என்னென்ன வகைகள் இருக்கு?

1. டிராப்-இன் ஃபில்டர்: கம்பெனி ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் பேப்பர் ஃபில்டருக்குப் பதில் அதே அளவில் காட்டன் அல்லது சிந்தெடிக் ஃபில்டர். செலவு குறைவு, ரிஸ்க்கும் குறைவு. பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

2. ஷார்ட் ரேம்: ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டு, பானெட்டுக்குள்ளேயே திறந்தபடி நிற்கும் கூம்பு வடிவ ஃபில்டர். சவுண்டு செம. ஆனால், மேலே சொன்ன சூடு பிரச்னை முழுசாக இதற்குத்தான்.

3. கோல்டு ஏர் இன்டேக்: நீளமான குழாய் வழியாக ஃபில்டரை பம்பர் அல்லது ஃபெண்டர் பக்கம் கொண்டுபோவது. குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால், தரைக்கு அருகில் போகப் போக தண்ணீர் ஆபத்து.

4. மூடிய பாக்ஸ் கிட்: பெரிய ஃபில்டர், ஆனால் சுற்றிலும் பெட்டி. கிரில்லில் இருந்து வரும் காற்று மட்டுமே உள்ளே போகும். பானெட்டை மூடினால் ஓரங்களில் ரப்பர் அழுந்தி சீல் ஆகும். விலை அதிகம். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஓரளவு பொருந்துவது இதுதான்.

"அலுமினியக் குழாய் சூடாகும், கார்பன் ஃபைபர்தான் பெஸ்ட்" என்று விற்பவர்களும் உண்டு. முழு த்ராட்டிலில் 90 மில்லிமீட்டர் குழாய்க்குள் காற்று நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் பறக்கும். அரை மீட்டர் குழாயைக் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். அதற்குள் பெரிதாகச் சூடேற வாய்ப்பில்லை. ஃபில்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். குழாய் எதில் செய்தது என்பது பெரும்பாலும் அழகு சமாச்சாரம்.

இன்ஜின் எப்படிப் போகும்?

மஸ்டாங் ஜிடியின் இன்டேக் குழாயில் மாஃப் சென்சார் என்று ஒன்று இருக்கும். எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியூவுக்குச் சொல்வது இதன் வேலை. அந்தக் கணக்கை வைத்துத்தான் ஈசியூ பெட்ரோலை அளந்து ஊற்றும்.

இந்தச் சென்சார் குழாயின் முழுக் காற்றையும் அளப்பதில்லை. ஒரு சின்னத் துளி காற்றை மட்டும் பார்த்து, "இந்த அளவு குழாயில் இவ்வளவு போகும்" என்று கணக்குப் போடும். குழாயின் அளவு மாறினால் கணக்கே தப்பாகிவிடும்.

உதாரணமாக, 80 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 90 மில்லிமீட்டர் குழாய். பார்க்க ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால், பரப்பளவு சுமார் 27 சதவிகிதம் கூடிவிடும். அதே காற்று இப்போது மெதுவாகப் போகும். சென்சாரோ "காற்று குறைஞ்சிடுச்சு" என்று நினைத்து, உண்மையைவிட சுமார் 20 சதவிகிதம் குறைவாகச் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதைத்தான் 'லீன்' என்கிறார்கள்.

ஓரளவுக்கு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ சரிசெய்துகொள்ளும். முடியாதபோது செக் இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0171, பி0174 என்ற கோடுகள் வந்தால் இதுதான் அர்த்தம். இதைக் கவனிக்காமல் முழு த்ராட்டிலில் மிதித்தால் நாக்கிங் வரும், தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகும்.

அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் கிட்டின் மேலேயே 'ட்யூன் தேவை', 'ட்யூன் தேவையில்லை' என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஃபோர்டின் சொந்தப் பிரிவான ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ்கூட இந்த மஸ்டாங்குக்குத் தந்த பவர் பேக்குகளில் ஏர் இன்டேக்கைத் தனியாக விடவில்லை. ஈசியூவுக்கான மென்பொருளோடு சேர்த்தே கொடுத்தது. அதில் ஆரம்ப பேக்கில் மாறுவது ஃபில்டரும் மென்பொருளும் மட்டும்தான். பவரில் பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே ஒரு குறிப்பு.

அமெரிக்க ட்யூனை அப்படியே போடலாமா?

கூடாது. அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணும் நம் ஊர் எண்ணும் ஒன்றல்ல. அங்கே இரண்டு அளவு முறைகளின் சராசரியைப் போடுகிறார்கள். நாம் 'ரான்' எண்ணை மட்டும் போடுகிறோம். அங்கே 93 என்றால் இங்கே ஏறக்குறைய 98. நம் ஊர் சாதாரண பெட்ரோல் 95 ரான். அமெரிக்காவின் '93 ஆக்டேன் ட்யூன்' போட்ட காரில் இங்கே சாதாரண பெட்ரோல் ஊற்றினால், நாக்கிங்கை வலியக் கூப்பிடுவது மாதிரி.

போதாக்குறைக்கு எத்தனால் கலப்பு. சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவிகித எத்தனால் கலந்தால் சுமார் 13.5 பங்கு போதும். அதாவது, அதே காற்றுக்கு இன்னும் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். ட்யூன் செய்கிறவர் எந்த பெட்ரோலை வைத்துச் செய்தார் என்று கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஃபில்டரில் என்ன பார்க்கணும்?

காற்று சுலபமாகப் போகிறது என்பது மட்டும் போதாது, தூசி நிற்கணும். ஹைவே ஓரம் ரோடு வேலை நடக்காத ஊர் எது? ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. காற்றுத் தடை, தூசி பிடிக்கும் திறன், அடைபடும் முன் எவ்வளவு தூசி தாங்கும் என்ற மூன்றையும் அது அளக்கும். விற்பவர் இந்த மூன்று எண்களையும் காட்டினால் நல்லது. 'அதிகக் காற்று' என்ற ஒரே எண்ணை மட்டும் காட்டினால் யோசிக்க வேண்டும்.

காட்டன் ஃபில்டரைக் கழுவி, எண்ணெய் தடவி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால், எண்ணெயை அள்ளிப் பூசினால் அது மாஃப் சென்சாரில் படிந்து கணக்கைக் கெடுக்கும். இந்தப் பராமரிப்பு நமக்குச் சரிப்படாது என்றால் எண்ணெய் இல்லாத டிரை ஃபில்டர் நல்லது.

மழை வந்தால்?

பம்பருக்குள் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் தேங்கிய தண்ணீரில் மூழ்கினால், இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். இதுதான் ஹைட்ரோலாக். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வடகிழக்குப் பருவமழையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற தனி ஆட்-ஆன் வேண்டும். அது இருந்தாலும், மாற்றிய பாகத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் கிளெய்ம் சிக்கலாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019-ல் திருத்தப்பட்ட பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. சத்தம், புகை அளவை மீறினால் பிரிவு 190(2)-ன் கீழ் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் வரும்.

'ஏர் இன்டேக்' என்ற வார்த்தை பிரிவு 52-ல் இல்லை. அதே அளவு டிராப்-இன் ஃபில்டர் சர்வீஸில் மாற்றும் பொருள் மாதிரிதான். ஆனால், இன்டேக்கோடு ஈசியூ ட்யூனும் சேர்ந்து பவரும் புகையும் மாறினால் அது வேறு கதை. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை காரி ஸ்பீட்வேயிலோ டிராக்கில் மட்டும் ஓட்டும் கார் என்றால் கவலை குறைவு.

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு தெளிவான முறை இருக்கிறது. புகை அளவைக் கூட்டாது என்று காட்டி அனுமதி வாங்கிய கிட்டுக்கு, அந்த மாநிலத்தின் காற்று வாரியம் ஒரு உத்தரவு எண் கொடுக்கும். அந்த ஸ்டிக்கரை பானெட்டுக்குள் ஒட்ட வேண்டும். இந்தியாவில் அந்த எண்ணுக்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆனால், அது உள்ள கிட் ஒரு அரசு அமைப்பின் பார்வையைத் தாண்டி வந்தது என்பது வாங்குபவருக்கு ஒரு ஆறுதல்.

கடையில் கேட்க வேண்டியவை

* என் காரின் மாடல் வருஷத்துக்கு, வலதுபக்க ஸ்டீயரிங்குக்கு இது பொருந்துமா?
* மாஃப் சென்சார் உட்காரும் இடத்தின் விட்டம் பழையதேதானா? ட்யூன் வேணுமா?
* டைனோ ரிப்போர்ட் இருக்கா? பானெட்டைத் திறந்து, ஃபேன் வைத்து எடுத்ததா, மூடி எடுத்ததா? பானெட் திறந்திருந்தால் சூடு பிரச்னை அதில் தெரியவே தெரியாது.
* மாட்டியபின் ஃபில்டர் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்?

மாட்டிய பிறகு ஒரு சின்ன டெஸ்ட். ஓபிடி ஸ்கேனரில் இன்டேக் காற்று வெப்பநிலையைப் பாருங்கள். ஓடும்போது வெளி வெப்பநிலையை ஒட்டி வந்தால் நல்லது. டிராஃபிக் தாண்டி வேகம் எடுத்த பிறகும் 15, 20 டிகிரி மேலேயே நின்றால், நீங்கள் வாங்கியது சவுண்டு மட்டும்தான். ஃப்யூல் ட்ரிம் எண்ணையும் மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று எனக் குறித்து வையுங்கள். ஒரேயடியாக ஏறியிருந்தால் காரை ஓரம்கட்டிவிட்டு ட்யூனரிடம் போவது நல்லது.

சவுண்டுக்காகவே மாற்றுகிறேன் என்றால் அதுவும் ஒரு காரணம்தான். வி8 சத்தம் யாருக்குத்தான் பிடிக்காது? பவருக்காக என்றால் முதலில் புது ஃபில்டர், பிறகு நம் பெட்ரோலுக்கு ஏற்ற ட்யூன், கடைசியில் மூடிய பாக்ஸ் கிட் என்ற வரிசையில் போனால் காசு வீணாகாது.

எதை மாட்டினாலும், கழற்றிய கம்பெனி ஏர் பாக்ஸைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுடாதீங்க. ஆர்டிஓ கேட்டாலும், காரை விற்கப் போனாலும், பெருமழை வந்தாலும் முதலில் தேடப்போவது அதைத்தான்.