கேட்காமல் வந்த சட்டம், கேட்காமலே போனது

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பூர்வகுடிச் சிறார்கள் மீது நடக்கும் பாலியல் கொடுமைகள் குறித்து ரெக்ஸ் வைல்ட், பாட் ஆண்டர்சன் இருவரும் தயாரித்த அறிக்கை 2007 ஜூன் 15-ல் வெளியானது. மொத்தம் 97 பரிந்துரைகள். பூர்வகுடி மக்களைக் கலந்து பேசியே திட்டம் தீட்ட வேண்டும் என்பதை முதல் பரிந்துரையிலேயே வலியுறுத்தியிருந்தார்கள். ஆறே நாளில் பிரதமர் ஜான் ஹோவர்டும் அமைச்சர் மால் புரோவும் நெருக்கடி நடவடிக்கையை அறிவித்தார்கள். கலந்து பேசுவது நடக்கவே இல்லை.

என்ன செய்தார்கள்?

ஏற்பாடுகளைக் கவனிக்க ராணுவம் இறங்கியது. சுமார் 500 பக்க மசோதாக்கள் ஆகஸ்ட் 7-ல் தாக்கலாகி, அன்றே கீழவையில் நிறைவேறின. எதிர்க்கட்சியான லேபரும் ஆதரித்தது. 73 குடியிருப்புகளின் நிர்வாகத்தில் அரசு நேரடியாகத் தலையிட்டது. மதுவுக்கும் ஆபாசப் படங்களுக்கும் தடை என்று ஊர் எல்லைகளில் பெரிய நீலப் பலகைகள் முளைத்தன; குடியைத் தொடாதவரும் அவற்றைக் கடந்துதான் வீடு போக வேண்டியிருந்தது. ஊர் நிலங்களை அரசு ஐந்தாண்டுக் கட்டாயக் குத்தகைக்கு எடுத்தது. அரசு தரும் உதவித்தொகையில் பாதி ரொக்கமாகக் கைக்கு வரவில்லை. 2008 முதல் அந்தப் பணம் ‘பேசிக்ஸ் கார்டு’க்குப் போனது. அந்த அட்டையை அனுமதி பெற்ற கடைகளில் மட்டுமே தேய்க்க முடிந்தது. மதுவோ புகையிலையோ வாங்க முடியவில்லை. பிள்ளைகளை நன்றாக வளர்த்தவருக்கும் விலக்கு இல்லை. இதற்கெல்லாம் குறுக்கே நின்ற 1975-ம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். அது முழுமையாகத் திரும்ப 2010 முடிய வேண்டியிருந்தது.

பலன் என்ன?

கூடுதல் போலீஸை வரவேற்ற பூர்வகுடிப் பெண்கள் உண்டு. ஆனால் 2009-ல் நேரில் வந்து பார்த்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஜேம்ஸ் அனாயா, இது இனப் பாகுபாடு என்றார். சிறார்களைக் குறிவைக்கும் கும்பல்கள் இயங்குவதாக அமைச்சர் சொன்னதற்கு, ஆஸ்திரேலியக் குற்ற ஆணையத்தின் விசாரணையில் ஆதாரம் சிக்கவில்லை. உதவித்தொகைக் கட்டுப்பாடு நோக்கத்தை எட்டியதற்குச் சான்றில்லை என்று 2014-ல் வந்த மதிப்பீடு சொன்னது.

பிறகு?

2012-ல் வேறு பெயரில் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்ட சட்டம், 2022 ஜூலையில் காலாவதியானது. மதுத்தடையைச் சட்டென்று விலக்கினால் விபரீதமாகும் என்று பூர்வகுடி அமைப்புகள் எச்சரித்தன. அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வன்முறை கூடியது. 2023 ஜனவரியில் பிரதமர் ஆல்பனீஸ் அங்கே விரைந்தார். அடுத்த மாதமே தடை திரும்பியது.

இத்தனைக்கும், 2007-க்குப் பல ஆண்டுகள் முன்பே, தங்கள் ஊரில் மது வேண்டாம் என்று தாங்களாகவே விண்ணப்பித்து, சட்டப்படி தடை வாங்கிய பூர்வகுடி ஊர்கள் ஏராளம். அவர்களிடம் கேட்டிருந்தால், எந்தத் தடை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருப்பார்கள்.