கரண்ட் வைக்கலாமா, காத்திருக்கலாமா?

கண்ணமங்கலத்தில் காலை நேரம் வேலூர் பஸ் ஏறினால், மடியில் ஸ்கேன் கவரோடு யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். போன வருஷம் அது என் மாமா. புராஸ்டேட் சுரப்பியை முழுசாக எடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ரிப்போர்ட்டில் ஒரு வரி மட்டும் வீட்டில் எல்லோர் தூக்கத்தையும் கெடுத்துவிட்டது: ‘விளிம்பில் புற்றணுக்கள்’.

“எல்லாத்தையும் எட்த்தாச்சுன்னாங்க மாப்ளே. அப்புறம் இன்னாத்துக்குக் கரண்ட்டு?” என்றார். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவர் மகனோ, “இப்பவே வச்சுட்டா நிம்மதி” என்று நின்றான்.

அந்த வரி எப்படி வருகிறது? எடுத்த சுரப்பியின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசி, பிறகு மெல்லிய சீவல்களாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். புற்றணு மையைத் தொட்டு நின்றால், கத்தி போன பாதை வரை நோய் வந்திருக்கிறது என்று பொருள். உள்ளே மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அதைக் காட்டிக்கொடுப்பது பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. இது புராஸ்டேட் செல்கள் சுரக்கிற புரதம். ரத்தத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே சுரப்பியை எடுத்த ஆறு வாரத்தில் கருவிக்கே எட்டாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மாமாவுக்கு இறங்கியிருந்தது. மகன் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை, மை வரியையே பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு காலத்தில் டாக்டர்களும் அவன் கட்சிதான். உடனே கதிர் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று பழைய ஆய்வுகள் சொல்லின. ஆனால் அவற்றில் காத்திருந்தவர்களில் பலருக்குச் சிகிச்சை தாமதமாகத்தான் கிடைத்தது. 2020-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ‘ராடிக்கல்ஸ்’ ஆய்வு இதைச் சரியாகப் பரிசோதித்தது. பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து நாடுகளில் 1,396 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே கதிர். மறு பாதிக்கு, பி.எஸ்.ஏ. 0.1-ஐத் தொட்டாலோ அடுத்தடுத்து மூன்று முறை ஏறினாலோ மட்டும். ஐந்து வருஷம் கழித்து பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் உடனே வைத்த அணியில் 85 சதவீதம், காத்திருந்த அணியில் 88. காத்திருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் கதிரே தேவைப்பட்டது. பிரான்ஸ், ஆஸ்திரேலியா-நியூசிலாந்து ஆய்வுகளையும் சேர்த்து 2,153 பேரைக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை.

கதிர் தேவைப்படாமல் தப்பியவர்களுக்கு எவ்வளவு லாபம் என்பது கதிர் மேஜையில் படுத்தவர்களுக்குத் தெரியும். வழக்கமாக 33 தடவை, ஆறரை வாரம். சில இடங்களில் 20 தடவை. ஒவ்வொரு முறையும் குடல் காலியாக, மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பிய பை சிறுகுடலைக் கதிரின் வழியிலிருந்து மேலே தள்ளிவைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு இருமினாலே சொட்டுகிற மனிதர், தண்ணீரைக் குடித்துவிட்டு அசையாமல் படுக்க வேண்டும்! சிறுநீரை அடக்கும் பிடிப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். முன்கூட்டியே கதிர் பட்டவர்களுக்கு முதல் வருஷத்தில் கசிவு கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது. நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்தாலோ, நோயின் வீரியத்தைச் சொல்லும் க்ளீசன் எண் 8 அல்லது அதற்கு மேல் இருந்து விந்துப் பைக்குள்ளும் பரவியிருந்தாலோ உடனே வைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார். அப்படிப்பட்டவர்கள் இந்த ஆய்வுகளில் குறைவு. பி.எஸ்.ஏ. இறங்காமலே இருந்தால் அது வேறு கணக்கு.

காத்திருப்பதை டெஸ்டே எடுக்காமல் இருப்பது என்று புரிந்துகொள்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கினால் 0.5-ஐத் தாண்டும் முன் கதிர் வைப்பதில்தான் பலன் அதிகம். சிலருக்குக் கூடவே ஹார்மோன் ஊசியும் உண்டு. ஒரு லேபில் வந்த எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட்டுப் பதறவும் கூடாது.

மாமா இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே லேபுக்குப் போகிறார். தேதியைத் தினசரிக் காலண்டர் தாளில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அடுத்தது ஆடி வெள்ளியன்று விழுகிறது. படவேடு ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்று, முதல் நாளே போய் வந்துவிடப் போகிறாராம்.