புதிய ஊழியரின் முதல் நாள்

புதிதாக ஒரு தொழிலுக்குச் செல்லும் எவருடைய உள்ளத்திலும் முதல் நாளன்று சில ஐயங்கள் எழுவது இயல்பு. இந்த வேலை பிடிபடுமா, பிழை நேர்ந்தால் மேலதிகாரி என்ன சொல்வார், பழைய ஊழியர்கள் நகைப்பார்களோ என்பனவே அவை. கந்தோராயினும் கடையாயினும் தொழிற்சாலையாயினும் நிலை ஒன்றே. நாலைந்து நாளில் இவ்வச்சம் தானாகவே நீங்கிவிடும் என்று எண்ணி நிருவாகிகள் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், தொழில் கற்பதற்குப் பெருந்தடையாய் நிற்பது அவ்வச்சமே என்பதையும், அதனை ஒரே நாளிற் பெரிதும் தணிக்கலாம் என்பதையும் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

டல்லாஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் கம்பனியில் அவ்வாய்வு நடைபெற்றது. 1958ஆம் ஆண்டில் அக்கம்பனியின் பொறியியலாளர் ஜாக் கில்பி, மின்சுற்றொன்றின் உறுப்புகளை ஒரே சிறு துண்டில் அமைத்துக் காட்டினார். அத்தகைய சுற்றுகளைச் செய்யும் பகுதி அடுத்து வந்த ஆண்டுகளில் விரைந்து வளர்ந்தது. நுண்ணிய உறுப்புகளை நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்துப் பொருத்துவதும் சோதிப்பதும் அங்கிருந்த பெண் ஊழியரின் பணி. மனம் கலங்கியவருக்கு ஏற்ற வேலையன்று அது.

அக்கம்பனியைச் சேர்ந்த ஏர்ல் கோமர்சால், ஸ்கொட் மையர்ஸ் ஆகிய இருவரும் ஊழியரைத் தனித்தனியே சந்தித்து உரையாடச் செய்தனர். தொடக்க நாட்கள் பெரும் மனக்கலக்கத்தில் கழிந்தன என்று பலரும் கூறினர். மேற்பார்வையாளரின் கண்டிப்பைப் பற்றியும் வேலையின் கடுமையைப் பற்றியும் பழையவர்கள் மிகைப்படுத்திச் சொன்ன கதைகள் அக்கலக்கத்தை வளர்த்தன. ஐயம் எழுந்தபோது மேற்பார்வையாளரை அணுகிக் கேட்கவோ புதியவர்களுக்குத் துணிவில்லை. வேலையை விட்டு நீங்கியோர் பலர் இக்கலக்கத்தினாலேயே நீங்கினர் என்பதும் தெரியவந்தது.

இதன்மேல் ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. வழக்கப்படி புதியவர்களுக்கு இரண்டு மணி நேரம் விதிகளும் வசதிகளும் எடுத்துரைக்கப்படும். உடனே வேலைப்பயிற்சி தொடங்கும். ஒரு பகுதியினர் இம்முறையிலேயே சேர்க்கப்பட்டனர். வேறு பத்துப் பெண்களுக்கோ, அவ்விரண்டு மணி நேரத்தின் பின் அன்றைய நாள் முழுவதும் வேலையே கொடுக்கப்படவில்லை. அவர்களை அமைதியான ஓரிடத்தில் இருத்தி நான்கு செய்திகளை விளக்கினர்.

முதலாவது, இவ்வேலைக்கு வந்தோரில் ஏறக்குறைய எல்லோருமே தேர்ச்சி பெற்றிருக்கின்றனர் என்பது. இதற்குச் சான்றாக உண்மையான கணக்குகள் காட்டப்பட்டன. இரண்டாவது, பழையவர்கள் விளையாட்டாகக் கூறும் அச்சுறுத்தற் கதைகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது. மூன்றாவது, மேற்பார்வையாளருக்கு வேலை அதிகமாகையால், அவர் வந்து விசாரிப்பார் என்று காத்திராமல் தாமே சென்று கேட்க வேண்டும் என்பது. நான்காவது, அந்த மேற்பார்வையாளர் எத்தகைய மனிதர் என்பது. அவர் கண்டிப்பானவர், ஆயினும் நட்புடையவர். சில வேளை கூச்சப்படுபவர். மீன்பிடிப்பதிலும் வானொலிக் கருவி இயக்குவதிலும் பொழுதுபோக்குபவர் என்றெல்லாம் சொல்லப்பட்டது. மீன்பிடிக்கப் போகும் ஒருவரிடம் கேள்வி கேட்பது முகமறியா அதிகாரியிடம் கேட்பதிலும் எளிதன்றோ?

இதனால் விளைந்த பயனை அவ்விருவரும் 1966ஆம் ஆண்டில் ஹாவார்ட் பிஸினஸ் றிவியூ என்னும் சஞ்சிகையில் வெளியிட்டனர். பயிற்சிக் காலம் பாதியாகக் குறைந்தது. பயிற்சிச் செலவு முன்னையதில் மூன்றிலொரு பங்காயிற்று. வேலைக்கு வராமையும் பிந்தி வருதலும் பாதியாயின. கழிவுப் பொருள் ஐந்திலொரு பங்காகச் சுருங்கியது. வேலையில் இழந்ததாகத் தோன்றிய அந்த ஒரு நாள் பன்மடங்காகத் திரும்பி வந்தது.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வேலை எளிதாக்கப்படவில்லை, விதிகள் தளர்த்தப்படவில்லை, சம்பளமும் உயர்த்தப்படவில்லை. அச்சத்தின் வேர்கள் எவை என்று ஊழியரிடமே கேட்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற விடை கூறப்பட்டது, அவ்வளவே. அவ்விடைகள் உண்மையாயிருந்தமையே அவற்றின் வலிமை. தேர்ச்சி பெறுவோர் சிலரேயான ஓரிடத்தில் எல்லோரும் வெல்வர் என்று கூறினால், அப்பொய் ஒரு வாரத்தில் வெளிப்பட்டு நம்பிக்கையையும் கெடுத்துவிடும். கேட்கத் துணிந்து வருபவரை மேற்பார்வையாளர் சினந்து விரட்டினாலும் முதல் நாளின் பயன் முழுவதும் வீணாகும்.

பெரிய கம்பனிக்கு மட்டும் உரிய முறையன்று இது. கடையொன்றிற் சேரும் இளைஞருக்கும், பாடசாலைக்கு முதன்முறை வரும் ஆசிரியைக்கும், மருத்துவமனையிற் பணியேற்கும் தாதிக்கும் இதே தேவை உண்டு. அவர்களை வரவேற்பவர், விதிப் புத்தகத்தைக் கையில் கொடுக்குமுன், யாரிடம் கேட்கலாம் என்பதையும், கேட்பதால் இழிவு வராது என்பதையும் சொல்லிவைப்பாராக. புதியவரின் கை வேலைக்குப் பழகச் சில வாரங்கள் செல்லலாம். மனத்தைப் பழக்கும் கடமையோ முதல் நாளிலேயே வரவேற்பவரைச் சேர்ந்தது.