தாத்தா ஏன் ஓடினார்?

எங்க தாத்தா மாயவரம் பக்கம் மீட்டர்கேஜ் லைனில் கீமேன். தோளில் சுத்தியல், கையில் கொடிகள். தினமும் தன் பங்கு தூரத்தை நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் 'சாவி'கள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்க வேண்டும். வேலைக்கு அந்தப் பேர் வந்ததே அதனால்தான்.

ஒரு ஐப்பசி மழையில் தண்டவாளம் உடைந்திருந்ததைப் பார்த்தவர், அப்படியே போட்டுவிட்டு ஓடினாராம். "ரயிலுக்குப் பயந்து ஓடின மனுஷன்" என்று பெரிய அத்தை வீட்டு மாமா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பாட்டி போன பிறகுதான் ரயில்வே விதிகளைத் தேடிப் படித்தேன். அட, ஓடுவதுதான் வேலையே! ஓடுகிற ரயில் சட்டென்று நிற்காது. ஆகவே ஆபத்தைப் பற்றி அதற்கு முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டும். உடைந்த இடத்தில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, வண்டி வரும் திசையில் இன்னொரு சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டே போக வேண்டும். மீட்டர்கேஜ் என்றால் 400 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடி, 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. (அகலப்பாதைக்கு 600, 1200.) சக்கரம் ஏறினால் வெடிக்கும், சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் போடுவார். ஒற்றை லைனில் மறுபக்கமும் இதே கதைதான். போய், திரும்பி, மறுபடி போய் என்று 2,400 மீட்டர். அதுவும் மழையில், ஜல்லி மேல்.

ஒற்றை லைனில் வண்டி முதலில் எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கம்தான் முதலில் போக வேண்டும் என்பதும் விதி. தாத்தா எந்தப் பக்கம் ஓடினார் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"மாயவரம் பக்கம்தான்டா. அங்கேருந்துதானே வண்டி வரணும்!"