ஆடும் பாப்பா யார் பெற்ற பிள்ளை?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துக் குழந்தைகள் எட்டுப் பேர் ஆடிய கும்மி வாசக அன்பர்களுக்கு நினைவிருக்கும். அதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து அதே ஆட்டம் நாக்பூரில் இருக்கும் என் மச்சினர் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. பாட்டு மாறியிருந்தது. ஏதோ ஒரு சினிமாப் பாட்டை எடுத்து ஒட்டியிருந்தார்கள். எந்த ஊர், எந்தச் சங்கம், சொல்லிக் கொடுத்தது யார் என்ற விவரம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தைகளைப் பழக்கிய ஆசிரியையிடம் காட்டினேன். "கை தட்டுற தாளமே போயிடுத்தே, மாமா" என்று மட்டும் சொன்னார். தன் பேர் போனதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் மனது கேட்கவில்லை.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது ஆடும் பாப்பா. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வைத்த அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். டயப்பர் கட்டிய ஒரு மொட்டைக் குழந்தை, இடுப்பை வளைத்து, கைகளை வீசி, சா-சா நடனம் போல ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். எனக்கு 1998ல் அலுவலக நண்பர் ஒருவர் ஃப்ளாப்பியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் சிரித்தோம். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அதன் பூர்வீகம் இதுதான். மைக்கேல் ஜிரார்ட் என்பவர் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் உருவங்களைக் காலூன்றி நடக்க வைப்பது எப்படி என்று ஆராய்ந்தவர். 1985லேயே அது பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். பிறகு சூசன் அம்க்ராட் என்பவரோடு சேர்ந்து அன்ரியல் பிக்சர்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழியாக கேரக்டர் ஸ்டுடியோ என்ற மென்பொருளை உருவாக்கினார். ஆட்டோடெஸ்க் கம்பெனியின் கினெடிக்ஸ் பிரிவு அதை 1996ல் 3டி ஸ்டுடியோ மேக்ஸோடு சேர்த்து ஓட்டுகிற துணை மென்பொருளாக வெளியிட்டது.

அது வரையில் ஓர் உருவத்தை நடக்க வைக்க, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டையும் படத்துக்குப் படம் கையால் நகர்த்த வேண்டும். இந்த மென்பொருளில் பாதம் எங்கே, எப்போது பதிய வேண்டும் என்று தரையில் குறித்தால் போதும். உடம்பு எப்படிச் சாயும், குதித்தால் எத்தனை நேரம் அந்தரத்தில் நிற்கும், இறங்கும்போது முட்டி எவ்வளவு மடங்கும் என்பதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். இன்னொரு வசதிதான் நம் கதைக்கு முக்கியம். ஓர் எலும்புக்கூட்டுக்கு அமைத்த அசைவை வேறோர் உடம்புக்கு அப்படியே ஏற்றலாம். பரத நாட்டிய ஆசிரியை அதே அடவை ஆறு வயதுக் குழந்தைக்கும் நாற்பது வயது மாமிக்கும் சொல்லித் தருவதில்லையா, அந்த மாதிரி.

ராபர்ட் லூரி என்ற அசைவூட்டக் கலைஞர் அமைத்த பெரியவர்களின் ஆட்டத்தைக் குழந்தை உருவத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஜான் சாட்விக் என்பவருக்கும் இதில் பங்குண்டு. விளைவு விசித்திரமாக இருந்தது. தலை பெருத்து, கால் குட்டையாக, எழுந்து நிற்கவே தெரியாத வயதில் இருக்கிற ஒரு சிசு, இடுப்பை ஒடித்து ஆடினால் எப்படி இருக்கும்? சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். என் மனைவி இன்றைக்கும் அதை முழுசாகப் பார்க்க மாட்டாள். வாங்குபவர்கள் பார்த்துப் பழகட்டும் என்று மென்பொருளோடு கொடுத்த மாதிரிக் கோப்புகளில் இதுவும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.

லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த ரான் லூசியர் என்பவர் அந்தக் கோப்பைத் திறந்து, சற்றே திருத்தி, சிறு படமாக்கி, கூட வேலை செய்தவர்களுக்கு ஈமெயிலில் அனுப்பினார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு ஃபார்வர்டு என்கிறோமே, அந்தக் காரியம்தான்.

ஆனால் படக்கோப்பு கனமானது. அந்தக் காலத்து 28.8 மோடத்தில் ஒரு மெகாபைட் இறங்கவே ஐந்து நிமிஷம் பிடிக்கும், அதுவும் டெலிபோன் லைன் அறுந்துபோகாமல் இருந்தால். நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15ல்தான் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. குறைந்த கட்டணக் கணக்குகளில் வெறும் எழுத்து மட்டுமே தெரியும், படமே வராது. இங்கேதான் ஜான் வுடெல் வருகிறார். படக்கோப்பை ஜிஃப் ஆக மாற்றும் வித்தையைக் காட்டுவதற்காக, ஆடும் பாப்பாவை எடுத்து மிகச் சின்னதாகச் சுருக்கினார். ஜிஃப் என்பது கம்ப்யூசர்வ் கம்பெனி 1987ல் கொண்டுவந்த பட வடிவம். 256 நிறங்களுக்கு மேல் கிடையாது, சத்தமும் கிடையாது. நெட்ஸ்கேப் உலாவி அதை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்ட வழி செய்திருந்தது. முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்குகிற ஆட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பலரும் தங்கள் பக்கங்களில் மூலைக்கொரு பாப்பாவை ஆட விட்டார்கள். சாமுராய் பாப்பா, ரஸ்தா பாப்பா என்று வேஷம் மாற்றிய குழந்தைகளும் பிறந்தன.

பாட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. ப்ளூ ஸ்வீட் என்ற ஸ்வீடன் நாட்டுக் குழு 1974ல் பாடிப் புகழ்பெற்ற 'ஹூக்ட் ஆன் எ ஃபீலிங்' அது. அதன் தொடக்கத்தில் ஆண்கள் தாளம் போல் கத்துகிற கோஷம், 1971ல் ஜோனதன் கிங் பாடியபோது சேர்த்தது. 1968ல் பி.ஜே. தாமஸ் பாடிய முதல் வடிவத்தில் அது கிடையாது. ஆக, ஆட்டம் ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது, பாட்டின் முன்கத்தல் மூன்றாமவருடையது! 1998 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'ஆலி மெக்பீல்' தொடரின் நாயகி கண்ணெதிரே பாப்பா ஆடியது. அவள் கல்யாணமாகாத வக்கீல். வயது போகிறதே, குழந்தை இல்லையே என்ற அவள் மனத்தாங்கல்தான் அந்த உருவில் வந்து ஆடுகிறது. செய்தவர்கள் மனதில் இந்த அர்த்தம் துளியும் இருந்திருக்காது. இருந்தாலும் அதற்குப் பிறகு பலருக்கு அது 'ஆலி மெக்பீல் குழந்தை'யாகவே ஆகிவிட்டது.

வருஷங்கள் ஓடி, 2022ல்தான் ஜிரார்ட், லூரி, சாட்விக் மூவரும் வியன்னாவைச் சேர்ந்த ஒரு கலைக்குழுவோடு சேர்ந்து, தெளிவாகப் புதுப்பித்த ஆடும் பாப்பாவைத் தங்கள் பேரிலேயே வெளியிட்டார்கள். பாப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது.

நம் கும்மிக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொன்னேன். கை தட்டுகிற தாளம் நன்றாகக் கேட்கும் அசல் பதிவு அவரிடம் இருக்கிறது. முதலில் சங்கத்தின் பேர், அடுத்து ஆசிரியையின் பேர், பிறகு எட்டுக் குழந்தைகளின் பேர் வருகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார். ஊருக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியையின் பேர் இந்த இதழின் விழாப் பக்கத்திலும் அச்சாகியிருக்கிறது.