துளை சிறிது, பொறுப்புப் பெரிது

தைப்பூச நாளன்று சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குச் சென்றால், பக்தர்கள் சிலர் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொள்வதைக் காணலாம். அங்கிருந்து அவர்கள் காவடி ஏந்தி நடந்து, டேங்க் ரோட்டிலுள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை அடைகிறார்கள். நேர்த்திக்கடன் நிறைவேறியதும் அலகு எடுக்கப்படுகிறது. கன்னத்திலும் நாக்கிலும் இரத்த ஓட்டம் மிகுதி. ஆகவே, அந்தக் காயம் பெரும்பாலும் விரைவில் ஆறிவிடுகிறது.

காது குத்துவதும் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமே. தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திக் காது குத்துவதை நாம் விழாவாகவே கொண்டாடுகிறோம். ஆனால், அலகுக்கும் தோட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அலகு அன்றே வெளியே வந்துவிடும். தோடோ காயத்துக்குள்ளேயே இருக்கும். துளையின் உட்புறம் முழுவதும் புதிய தோல் வளர்ந்த பிறகே காயம் ஆறியதாகக் கொள்ள வேண்டும்.

அதற்கு எவ்வளவு காலம் ஆகும்? அது துளையிடும் இடத்தைப் பொறுத்தது. காதின் கீழ்ப்பகுதி மென்மையான சதையால் ஆனது. அங்கு இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால், பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் புண் ஆறிவிடும். மேற்பகுதியில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. எனவே, அங்கு இடும் துளை ஆறுவதற்கு 6 மாதம் முதல் ஓராண்டுவரை ஆகலாம். அங்கே கிருமி புகுந்தால், குருத்தெலும்பு அழிந்து காதின் வடிவமே மாறிவிடக்கூடும்.

ஆண்டிறுதி விடுமுறையில் நண்பர்களுடன் சென்று மேற்காதைக் குத்திக்கொள்ளச் சிலர் விரும்புவதுண்டு. அந்த விடுமுறை ஏறத்தாழ 6 வாரமே. பள்ளி திறக்கும்போது தோட்டைக் கழற்ற நேர்ந்தால், ஆறாத துளை மூடிக்கொள்ளும். பட்ட வலியும் வீணாகும். ஆகவே, முதலில் பெற்றோரிடம் பேசுங்கள். பள்ளி விதிமுறையையும் அறிந்துகொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் புண் ஆறிய இடத்தில் தடித்த தழும்பு வளர்ந்திருந்தால், மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

தேக்கா நகைக்கடையாக இருந்தாலும் ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதியாக இருந்தாலும், சிலவற்றைத் தவறாமல் கவனிக்க வேண்டும். குத்துபவர் கையுறை அணிந்திருக்க வேண்டும். கிருமிநீக்கம் செய்யப்பட்ட புதிய ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தினால், ‘ஹெப்படைட்டிஸ் பி’ போன்ற நோய்கள் பரவலாம். விசையால் தோட்டை அழுத்திச் செலுத்தும் துப்பாக்கி போன்ற கருவி, குருத்தெலும்பைச் சிதைக்கக்கூடும். நிக்கல் கலந்த மலிவான தோடு சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும்; டைட்டேனியத் தோடு பாதுகாப்பானது.

வீடு திரும்பிய பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. சோப்பால் கை கழுவாமல் காதைத் தொடாதீர்கள். நாளுக்கு இருமுறை, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்க் கரைசலால் புண்ணைத் துடையுங்கள். தோட்டைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். அது வளரும் தோலைக் கிழிக்கும். மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். புண் ஆறும்வரை நீச்சல் குளத்தையும் தவிர்த்திடுங்கள்.

முதல் சில நாள்களில் லேசான வீக்கமும் சிவப்பும் இருப்பது இயல்பு. ஆனால், சிவப்புப் பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உடனே பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். தோட்டை நீங்களாகவே கழற்றாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

காது குத்துவது சில நொடி வேலை. புண் ஆறும்வரை அதைப் பேணுவது நம் பொறுப்பு.